எண்ணிப் பார்த்தவர்கள் – 7: அடிக்காமல் நின்றவன்

சென்ற வாரம் ஒரு தொலைபேசியை அலறவிட்டுவிட்டு 'தொடரும்' போட்டுவிட்டேன். 2001 டிசம்பர். நள்ளிரவு தாண்டி ஒரே ஒரு நிமிடம். ஸ்காட் ஹாட்டிபெர்க் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் ஏஜெண்டுக்கு அழைப்பு வருகிறது.

ஹாட்டிபெர்க் அன்றைக்கு யாருக்கும் வேண்டாத சரக்கு. வயது 32. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் கேட்சராக இருந்தவர். கேட்சர் என்றால் ஏறக்குறைய நம் விக்கெட் கீப்பர்தான். ஆனால் பந்தைப் பிடித்தால் மட்டும் போதாது. அடுத்த பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடுகிறவனை, குந்தியிருந்த இடத்திலிருந்தே எறிந்து வீழ்த்த வேண்டும். ஹாட்டிபெர்க்கின் முழங்கை நரம்பு பழுதாகி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பந்து கையில் இருப்பதே விரல்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. பாஸ்டன் அவரைக் கொலராடோவிடம் தள்ளிவிட்டது. கொலராடோவோ சில நாள்களிலேயே புது ஒப்பந்தம் இல்லை என்று கையை விரித்துவிட்டது. இரவு 12 மணியோடு அவர் எந்த அணிக்கும் சொந்தமில்லாதவர். 12:01-க்கு மணி அடிக்கிறது.

அழைத்தது ஓக்லண்ட் அத்லெடிக்ஸ். 'ஏ'ஸ்' என்று செல்லமாகச் சொல்வார்கள். வந்த வேகத்தைப் பார்த்தால், அந்த ஒரு நிமிடத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். எறிய முடியாத கேட்சருக்கு ஏன் இத்தனை அவசரம்?

அவர்களுக்கு அந்தக் கை தேவைப்படவில்லை. கண்தான் தேவைப்பட்டது. இதைப் புரிந்துகொள்ள நாம் ஓக்லண்டை விட்டுவிட்டு 140 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஓர் ஆங்கிலேயரிடம்.

*

ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவருக்கு 1856-இல் ஹோபோக்கன் மைதானத்தில் பேஸ்பால் பித்துப் பிடித்தது. ஒரு ஆட்டம் முழுவதையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடக்கும் 'பாக்ஸ் ஸ்கோர்' அவர் கொடுத்த வடிவம். கிரிக்கெட் ஸ்கோர் கார்டின் தம்பி என்று பார்த்த உடனேயே சொல்லிவிடலாம். இன்றும் அமெரிக்கர்கள் காலைக் காபியோடு அதைப் படிக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தில்தான் ஒரு ஓட்டை இருந்தது.

பேஸ்பாலில் பந்து எறிபவர் பிட்சர். அவர் எறியும் பந்து, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஒரு கற்பனைச் சன்னலுக்குள் வர வேண்டும். வெளியே போன பந்தை பேட்டர் தொடாமல் விட்டால் அது 'பால்'. இன்றைய விதிப்படி நான்கு 'பால்' சேர்ந்தால் பேட்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, முதல் பேஸுக்குச் சாவதானமாக நடந்து போகலாம். அமெரிக்கர்கள் இதை 'வாக்' என்கிறார்கள். நாம் நடை என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த நடை யாருடைய சாதனை? சாட்விக்கைப் பொறுத்தவரை அது பிட்சரின் பிழை, அவ்வளவுதான். கிரிக்கெட்டில் வைடு போட்டால் ரன் உதிரிக் கணக்கில் சேரும். மட்டையாளர் பெயருக்கு எதிரே ஒன்றும் ஏறாது. கிரிக்கெட்டில் ஊறிய மனம் அதே கணக்கை இங்கேயும் கொண்டுவந்தது என்பது என் ஊகம். பேட்டிங் சராசரி என்பது, அடித்து பேஸை அடைந்த 'வெற்றி அடி'களை அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளால் வகுத்து வருவது. அதில் நடைக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஒரு பேட்டர் ஆசையை அடக்கி, 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சன்னலுக்குள் வருமா வராதா என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுத்து, மட்டையை அசைக்காமல் நின்றால், அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று பொருள்.

1887-இல் மட்டும் ஒரு கூத்து நடந்தது. நடையையும் வெற்றி அடியாகக் கணக்கில் சேர்த்தார்கள். சராசரிகள் பொங்கி வழிந்தன. செயின்ட் லூயிஸ் அணியின் டிப் ஓ'நீலுக்கு அந்தக் கணக்கில் 0.480-க்கும் மேல் வந்தது. ரசிகர்கள் சிரித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். நடை மறுபடி கணக்கேட்டின் கொல்லைப்புறத்துக்குப் போனது.

அதை முன்வாசலுக்குக் கொண்டுவரப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி, ஆலன் ராத் என்ற புள்ளியியல்காரரை முழுநேர வேலைக்கு வைத்துக்கொண்டார். 1954-இல் 'லைஃப்' பத்திரிகையில் ரிக்கி ஒரு சூத்திரத்தையே அச்சிட்டார். அடித்து எத்தனை தரம் பேஸை அடைந்தான் என்று மட்டும் பார்க்காதீர்கள், எப்படியானாலும் எத்தனை தரம் அடைந்தான் என்று பாருங்கள் என்பது அதன் சாரம். ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்து நிறவெறிச் சுவரை உடைத்த அதே ரிக்கிதான். சுவரை உடைத்தவரால் கணக்கேட்டை உடைக்க முடியவில்லை.

உடைத்தவர் ஒரு இரவுக் காவல்காரர்.

*

பில் ஜேம்ஸை இந்தத் தொடரின் மூன்றாம் வாரத்திலேயே சந்தித்தோம். கான்சாஸ் மாநிலம், லாரன்ஸ் நகரம், அவரையும் பன்றி இறைச்சியும் டின்னில் அடைக்கும் தொழிற்சாலை. இரவு முழுக்கக் காவல். கையில் பழைய பாக்ஸ் ஸ்கோர்கள். 1977-இல் அவரே நகலெடுத்து விற்ற முதல் 'பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்' 75 பிரதிகள் போனது. அதற்கே அவர் மனம் உடையவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஐந்தே ஆண்டில் ஒரு பெரிய பதிப்பகம் அதை எடுத்துப் போட்டது.

அவர் கேட்ட கேள்விகள் ரசிகனின் கேள்விகள். பந்தைத் தவறவிட்டால் 'பிழை' என்று குறிக்கிறீர்களே, மெதுவாக ஓடி பந்தின் பக்கத்திலேயே போகாதவனுக்கு என்ன குறிக்கிறீர்கள்? ஒன்றும் இல்லை. அப்படியானால் உங்கள் ஏடு யாரைத் தண்டிக்கிறது? முயன்றவனை. டீக்கடையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடக்கூடிய சண்டை இது. ஜேம்ஸ் சண்டையோடு நிற்காமல் கூட்டிப் பார்த்தார்.

ஓர் அணியின் வெற்றி அடிகளோடு நடைகளையும் கூட்டினார். அந்தத் தொகையை, அடித்துக் கடந்த மொத்த பேஸ்களால் பெருக்கினார். வந்ததை, களமிறங்கிய மொத்த வாய்ப்புகளால் வகுத்தார். கிடைத்த விடை, அந்த அணி அந்த ஆண்டு உண்மையிலேயே எடுத்த ரன்களுக்கு வெகு அருகில் வந்து நின்றது. பேட்டிங் சராசரி அந்தச் சமன்பாட்டில் எங்கேயும் இல்லை. சாட்விக் விட்ட ஓட்டை அடைபட்டது.

1984-இல் இன்னொரு காரியம். ஒவ்வொரு பந்தின் விவரமும் தனியார் நிறுவனம் ஒன்றின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ரசிகர்கள் கேட்டால் கிடைக்காது. நாமே எழுதிக்கொள்வோம் என்றார் ஜேம்ஸ். 'புராஜெக்ட் ஸ்கோர்ஷீட்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து ஆட்டத்துக்கு ஆட்டம் ஏடு எழுதினார்கள். சம்பளம் கிடையாது. இவர்களை 'எண் பைத்தியங்கள்' என்று கேலி செய்தவர்கள் எல்லாம் அப்போது அணி நிர்வாகங்களில் நல்ல நாற்காலிகளில் இருந்தார்கள்.

ஒரே ஒரு நாற்காலி விதிவிலக்கு. ஓக்லண்ட் அணியின் பொது மேலாளர் சாண்டி ஆல்டர்சன் தொழில்முறை பேஸ்பால் ஆடியவர் அல்லர், வழக்கறிஞர். மரைன் படை வீரராகவும் இருந்தவர். பழக்க தோஷம் இல்லாததால் ஜேம்ஸைப் படிக்க அவருக்குக் கூச்சமில்லை. அவர் கீழே வேலை பார்த்து, 1997-இல் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் பில்லி பீன்.

பீனைப் பற்றி இரண்டு வரி நினைவூட்டல். பார்த்தாலே ஆட்டக்காரன் என்று சொல்லும்படியான உடற்கட்டு. 1980-இல் நியூயார்க் மெட்ஸ் முதல் சுற்றிலேயே அவரைக் கொத்திக்கொண்டு போனது. பெரிய லீகில் 148 ஆட்டங்கள், 3 ஹோம் ரன், சராசரி 0.219. 'பார்த்தாலே தெரியும்' என்ற வாக்கியத்தின் மீது அவருக்கு உண்டான வெறுப்புக்கு அவரே சாட்சி.

*

இனி 2001 குளிர்காலம்.

ஓக்லண்ட் 102 ஆட்டங்கள் ஜெயித்துவிட்டு பிளே-ஆஃபில் யாங்கீஸிடம் வீழ்ந்து வீட்டுக்கு வந்திருந்தது. காயம் ஆறுவதற்குள் மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். ஜேசன் ஜியாம்பியை, வீழ்த்திய அதே யாங்கீஸ் ஏழு ஆண்டுக்கு 12 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிப் போயிற்று. ஜானி டேமன் பாஸ்டனுக்கு. ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் செயின்ட் லூயிஸுக்கு. ஓக்லண்டின் மொத்தச் சம்பளப் பட்டியலே அடுத்த ஆண்டு ஏறத்தாழ 4 கோடி டாலர். யாங்கீஸ் அதைப் போல மும்மடங்கு செலவழித்தது.

ஜியாம்பிக்கு மாற்று யார் என்பதுதான் ஊர்ப் பேச்சு. பீனின் அறையில் அந்தக் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். மாற்றியவர் பால் டிபொடெஸ்டா, ஹார்வர்டில் பொருளாதாரம் படித்த உதவி மேலாளர்.

அவர் போட்ட கணக்கு இது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 27 அவுட். 27-ஆவது அவுட்டோடு கதை முடிந்தது. ஆகவே அவுட் ஆகாமல் பேஸை அடைபவன்தான் அணியின் ஆயுளை நீட்டுகிறான். அந்த விகிதம் ஜியாம்பிக்கு 0.477. டேமனுக்கு 0.324. மாற்று தேட வேண்டியிருந்த இன்னொருவர், ஒல்மெடோ சயென்ஸ், 0.291. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 0.364. இன்னொரு ஜியாம்பி எந்தக் கடையிலும் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் வாங்கக் காசில்லை. ஆனால் 0.364 எடுக்கக்கூடிய மூன்று பேர்? அவர்கள் குப்பைக்கூடையிலேயே கிடப்பார்கள்.

கிடந்தார்கள். டேவிட் ஜஸ்டிஸ், 36-ஐ நெருங்கிக்கொண்டிருந்த பழைய நட்சத்திரம். ஜியாம்பியின் தம்பி ஜெரமி. மூன்றாவதாக, அந்த 12:01 தொலைபேசி.

ஹாட்டிபெர்க் மோசமான பந்தை அடிக்க மாட்டார். அவரால் முடியாது என்பது போல அத்தனை பிடிவாதம். பிட்சருக்கு அவர் ஒரு வட்டிக்கடைக்காரர், பந்துக்குப் பந்து கறந்துவிடுவார். பாஸ்டனில் இதற்கு யாரும் பாராட்டவில்லை. ஓக்லண்டில் இதற்காகத்தான் காசு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு.

ஒரே சிக்கல். அவரை நிறுத்த நினைத்த இடம் முதல் பேஸ். பிள்ளைப் பருவம் முதல் குந்தியிருந்தே ஆடியவர் அங்கே நின்றதே இல்லை.

*

ரசிகர்களின் சண்டை இங்கேதான் சூடு பிடிக்கிறது. அதில் எதிர்த்தரப்புக்கும் நல்ல நியாயம் இருந்ததை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் பேஸ்காரர் தனியாள் இல்லை. களத்தடுப்பாளர்கள் எல்லோரும் எறிகிற பந்து கடைசியில் அவர் கையுறைக்குள்தான் வந்து விழ வேண்டும். தரையில் குத்தி வருவதும் தலைக்கு மேலே போவதும் அவர் பாடு. அவர் மேல் நம்பிக்கை இல்லையென்றால் எறிபவன் கை தயங்கும். அந்தத் தயக்கத்தை எந்தச் சூத்திரத்தில் எழுதுவாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஓக்லண்டின் பயிற்சியாளர் ரான் வாஷிங்டனுக்கு விடை சூத்திரத்தில் இல்லை, உழைப்பில் இருந்தது. நாள் தவறாமல் பந்துகளை உருட்டி அடித்து ஹாட்டிபெர்க்கைப் பழக்கினார். அதற்கும் முன்பே, குளிர்காலத்தில், மனைவி அடித்துவிட்ட பந்துகளைப் பொறுக்கிப் பழகியிருந்தார் அந்த மனிதர்.

இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மை. ஓக்லண்ட் ஜெயிப்பது நடையாலா? டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஜிட்டோ என்று மூன்று பிட்சர்கள் அங்கே இருக்கிறார்களே, அவர்களாலா? ஷார்ட்ஸ்டாப் மிகெல் தெகாதாவாலா? தெகாதாவைக் கண்டெடுத்தது கணினி அல்ல, டொமினிக்கன் குடியரசில் அலைந்த ஸ்கவுட்டுகள். இந்த நான்கு பேரும் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் பேஸ்பாலின் ஒரு விதி. ஆட்டக்காரர் பெரிய லீகில் ஆறு ஆண்டு முடிக்கும்வரை சந்தைக்குப் போக முடியாது, முதல் அணியோடுதான் கட்டுண்டு கிடக்க வேண்டும். ஏழை அணியின் உயிர் அந்த ஆறு ஆண்டுகளில்தான் இருக்கிறது. ஜியாம்பி போனது அந்தக் கயிறு அறுந்ததால்தான். நடையின் புகழ் பாடுகிறவர்கள் இந்தக் கயிற்றைப் பற்றி அடக்கி வாசிப்பார்கள். நான் நடையின் கட்சிதான், என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த ஆண்டு மே மாதம் இந்தச் சண்டைக்கு எண்ணெய் வார்த்தது. ஓக்லண்ட் சறுக்கியது. 20 வெற்றி, 26 தோல்வி. அப்போது பீன் ஒரு காரியம் செய்தார். ஜெரமி ஜியாம்பியை, தன் சூத்திரத்துக்கு அச்சாகப் பொருந்தியவரை, பிலடெல்பியாவுக்கு அனுப்பிவிட்டு ஜான் மேப்ரியை வாங்கினார். பேஸை அடையும் விகிதத்தில் மேப்ரி பக்கத்தில்கூட வர மாட்டார். எண்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். ஓய்வறைச் சூழல் கெட்டுப்போனதுதான் காரணம் என்று பேச்சு அடிபட்டது. ஆக, மனித உறவு கணக்கில் வராது என்று சொல்பவராகக் கருதப்பட்ட ஆளே, கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்து முடிவெடுத்தாரா? அல்லது கோபத்தில் செய்தாரா?

விடை தெரிவதற்குள் மேப்ரி வெளுத்து வாங்க ஆரம்பித்தார். இரு தரப்பும் அதைத் தங்கள் வெற்றி என்று எழுதிக்கொண்டன.

*

ஆகஸ்ட் 13 அன்று காலை கணக்கு 68 வெற்றி, 51 தோல்வி. அன்று ஜெயித்தார்கள். மறுநாளும். வாரம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. தோற்பது எப்படி என்று மறந்துபோன அணியாக ஓடிக்கொண்டிருந்தது ஓக்லண்ட். நடுவில் ஆட்டமே நின்றுபோகும் நிலை வந்தது. ஆகஸ்ட் 30 அன்று வேலைநிறுத்தம் என்று ஆட்டக்காரர் சங்கம் நாள் குறித்திருந்தது. கெடு நாளன்றுதான் உடன்பாடு வந்தது.

செப்டம்பர் 1. மினசோட்டாவோடு ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் பின்தங்கியிருந்தபோது தெகாதா மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். தொடர் வெற்றி 18. மறுநாள் கான்சாஸ் சிட்டி. சமநிலையில் இருந்த கடைசி இன்னிங்ஸில் மறுபடி தெகாதா. 19. அமெரிக்கன் லீகின் நூறாண்டு வரலாற்றில் 19-ஐ எட்டியவை அதுவரை இரண்டே அணிகள், 1906-இன் சிகாகோ, 1947-இன் யாங்கீஸ். இருபதைத் தொட்டவர் இல்லை.

செப்டம்பர் 4, புதன் இரவு. வழக்கமாகப் பாதி காலியாகக் கிடந்த ஓக்லண்ட் கொலிசியத்தில் 55,528 பேர். மறுபடியும் கான்சாஸ் சிட்டி. மூன்று இன்னிங்ஸ் முடிவதற்குள் ஓக்லண்ட் 11, கான்சாஸ் 0. பிட்சர் ஹட்சன். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இருந்தது. நான்காவது இன்னிங்ஸில் கான்சாஸ் ஐந்து ரன் எடுத்தது. பரவாயில்லை, 11-5. எட்டாவதில் இன்னும் ஐந்து, அதில் மூன்று மைக் ஸ்வீனியின் ஒரே அடியில். 11-10. அரங்கம் வாயடைத்துப் போனது. ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆகி, இன்னும் ஒரே ஒரு அவுட் தேவை என்ற நிலையில் லூயிஸ் அலிசியா அடித்த பந்து களத்தில் விழுந்தது. 11-11.

  

கடைசி இன்னிங்ஸின் கடைசிப் பாதி. ஓக்லண்டின் முதல் பேட்டர் அவுட். அடுத்து எரிக் பர்ன்ஸின் முறை. மேனேஜர் ஆர்ட் ஹோ அவரை நிறுத்திவிட்டு, பெஞ்சில் இருந்த ஒருவரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த இரவு முழுக்க மட்டையைத் தொடாமல், உடம்பு குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தவர்.

ஸ்காட் ஹாட்டிபெர்க்.

எதிரே ஜேசன் கிரிம்ஸ்லி. வேகமாக வந்து கடைசி நொடியில் தாழ்ந்து போகும் பந்து அவருடையது. அடிக்கப் போனால் தரையில் உருளும், அடிக்காமல் விட்டால் பெரும்பாலும் 'பால்'. நடைக்காகவே காசு கொடுத்து வாங்கிய மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது. நான்கு பந்தைத் தொடாமல் விட்டால் போதும். சாட்விக் பார்த்தால் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுவார், ஓக்லண்ட் பார்த்தால் எல்லாம் செய்தார் என்று எழுதும்.

முதல் பந்து வந்தது. ஹாட்டிபெர்க் அசையவில்லை. நடுவர் கை உயரவில்லை. பால் ஒன்று.

55,528 பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். கிரிம்ஸ்லி இரண்டாவது பந்தை எறியக் காலைத் தூக்கினார். பந்து கையை விட்டது. தாழவில்லை. இடுப்பு உயரத்தில், சன்னலுக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தே பழகிய அந்த மனிதரின் தோள், முதல்முறையாக அசைந்தது.

(தொடரும்)